ஐந்து சொட்டும் ஒரு நூற்றாண்டுக் கேள்வியும்

முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. விடிவதற்கு முன்பே போடி சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இந்த வழியாகத்தான் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. ஒரு காலத்தில் அதே தோட்டங்களில் காய் எடுத்த பாட்டிமாரிடம் பேச்சுக் கொடுத்தால், பெற்ற பிள்ளைகளின் கணக்கும் நிலைத்த பிள்ளைகளின் கணக்கும் வேறுவேறாக இருக்கும். "பெத்தது ஏழு, நின்னது நாலு" என்பார்கள். மற்றதெல்லாம் என்னாச்சு என்று கேட்டால், "வயித்தால போச்சு, ரெண்டே நாளு" என்று பதில் வரும். மழை நாளில் மலையை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி சேர்வதற்குள் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிடும்.

இன்று அந்தப் பாட்டிமாரின் கொள்ளுப்பேரனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் நர்சம்மா வாயில் சொட்டு மருந்து விடுகிறார். ஒரு தடவைக்கு ஐந்து சொட்டு. கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான இந்த மருந்து தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் 2017ஆம் ஆண்டு சேர்ந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் நல்ல குடிநீரும் ரோடும் சேர்ந்து செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஐந்து சொட்டுக்குப் பின்னால், குடலின் உட்சுவர் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்ற கேள்விக்குப் பல பத்தாண்டுகள் யாரோ சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்பது தடுப்பூசி அட்டையில் எழுதியிருக்காது.

போடிக்காரர்களுக்கு அடிப்படை ஆய்வு என்றாலே பொட்டிப்புரம்தான் ஞாபகம் வரும். அங்கே அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு அனுமதித்த நியூட்ரினோ ஆய்வுக்கூடம், மலைக்காகவும் தண்ணீருக்காகவும் எழுந்த எதிர்ப்பில் நின்றுபோனது. அந்த வழக்கு வேறு, அதற்குள் போகவில்லை. மலையைக் குடையாத, சத்தமே இல்லாத அடிப்படை ஆய்வும் உண்டு. அதை எதிர்க்க ஆள் இல்லை. கேட்டு வாங்கவும் ஆள் இல்லை.

குடலைப் பற்றிய அப்படியான ஆய்வு தமிழ்நாட்டில் தொடங்கியதும் ஒரு மலையில்தான். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வை ஆரம்பித்தார். சத்துக் குறைந்த தீனி கொடுத்த குரங்குகளின் குடலை அறுத்துப் பார்த்தபோது, உட்சுவர் மெலிந்து புண்பட்டிருந்தது. உணவு குறைந்தால் உடம்பு இளைப்பது மட்டுமில்லை, கிருமியைத் தடுக்கும் குடல் சவ்வின் சக்தியும் போய்விடுகிறது என்று அவர் எழுதினார். சளிச்சவ்வு எதிர்ப்பாற்றல் என்ற துறையே அப்போது உருவாகியிருக்கவில்லை. அந்தச் சவ்வின் மேல் காவல் நிற்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை விஞ்ஞானிகள் இனங்கண்டது 1950களின் கடைசியில்தான். அவ்வளவு முன்கூட்டியே சரியான இடத்தில் கைவைத்த ஆய்வை, 1923இல் செலவைக் குறைக்கிறோம் என்று அரசு நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். அது வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

அடுத்த பெரிய அடி வேலூரில் விழுந்தது. 1960களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும், பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை ஆதரவோடு, வட ஆற்காட்டு மக்களின் குடலைப் படித்தார்கள். நோயே இல்லாத கிராமத்து ஆட்களிடமும் குடலுறிஞ்சிகள் விரல்போல் நீண்டு நிற்காமல் தட்டையாகி இலைவடிவம் கொண்டிருந்தன. நம் ஆட்களின் பிறவி அமைப்பே இதுதானோ என்று ஒரு சந்தேகம். அதைத் தீர்க்க, இறந்துபோன சிசுக்களின் குடலையும் பார்த்தார்கள். பிறக்கும்போது நம் பிள்ளைகளின் குடலும் மேலைநாட்டுப் பிள்ளைகளின் குடலும் ஒன்றுபோலவே இருந்தன. கெடுதல் நடப்பது பிறந்த பிறகு. தண்ணீரும் கிருமியும் சூழலும் சேர்ந்து செய்யும் வேலை. 1969இல் வெளியான இந்த ஆய்விடம் அன்று யாரும் மருந்து கேட்கவில்லை, லாபம் கேட்கவில்லை. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அதே வேலூரில் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், 1972இல் இன்னொரு கசப்பான உண்மையைச் சொன்னார். அமெரிக்கக் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் வேலை செய்த போலியோ சொட்டு மருந்து, நம் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணை முடிந்தும் பலன் தரவில்லை. வாய்வழி மருந்து குடல் சுவரில் இறங்கித்தான் எதிர்ப்பாற்றலைக் கிளப்ப வேண்டும். அந்தச் சுவரே அடிபட்டிருந்தால்? மறுபடி மறுபடி சொட்டு விட்டுத்தான் போலியோவை ஒழித்தோம். பஸ் ஸ்டாண்டு, சோதனைச்சாவடி என்று முகாம் போட்டது அதற்காகத்தான். நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானார்.

ரோட்டா வைரஸ் சொட்டின் கதையில் அரசுப் பணம் தெளிவாகத் தெரிகிறது. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில், நோய்க்குறியே இல்லாத பச்சிளம் குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸை மருத்துவர் எம்.கே. பானின் குழு கண்டெடுத்தது. அந்தத் தொற்று வந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் கடும் வயிற்றுப்போக்கு குறைந்தது. 1986இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உருவானது, 1987இல் இந்திய–அமெரிக்கத் தடுப்பூசித் திட்டம் வந்தது. இவற்றின் ஆதரவில், அந்த வைரஸிலிருந்து உருவான சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, 2013 மே மாதம் முடிவு அறிவித்தார்கள். வேலூரில் முன்னின்றவர் ககன்தீப் காங். முதல் கண்டெடுப்பிலிருந்து நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த 2016 வரை முப்பது ஆண்டுகள். எந்த நிதியாண்டுக் கணக்கும் அவ்வளவு நீளமில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் முதல் ஆண்டில் கடும் நோயைத் தடுத்த அளவு 56 சதவீதம். பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் காக்கின்றன. மீதி எங்கே போகிறது? தாய்ப்பாலின் எதிர்ப்பொருளா, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமியா, பேக்கரும் மாத்தனும் பார்த்த அந்தத் தட்டையான சுவரா? வேலூரிலேயே குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துக் குடல் கிருமியைக் குறைத்த பிறகு போலியோ சொட்டு விட்டுப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது, மருந்தின் பலன் கூடவில்லை. 2016இல் வந்த அந்த முடிவு கேள்வியை இன்னும் ஆழமாக்கியது. வேலூர் சின்னல்லாபுரத்தில் 450 குழந்தைகளை வைத்து, சொட்டு மருந்து எடுத்தவர்களுக்கு ஒரு போலியோ ஊசியும் போட்டால் குடலின் எதிர்ப்பு வலுக்கிறது என்று காட்டிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, உலகக் கொள்கை வகுப்பில் பேசப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை. நம் பிள்ளைகளின் குடலைப் பற்றிய கேள்விக்குச் சியாட்டிலிலிருந்து காசு வர வேண்டியிருக்கிறது. கொடுத்தவர்களுக்கு நன்றி, கேட்க வேண்டியது நம் அரசை.

நாட்டில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் தடுப்பூசி உருவாக்க 900 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மூக்கில் விடும் கொரோனா தடுப்பு மருந்து 2023 ஜனவரியில் சந்தைக்கே வந்தது. அதே ஆண்டு சட்டமான தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி தனியாரிடமிருந்து வரும் என்பது கணக்கு. 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு நிதிக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது பெரும்பாலும் பொருளாகும் தறுவாயில் இருக்கும் தொழில்நுட்பத்துக்கான நீண்டகாலக் கடன். மொத்தத்தில் ஆய்வுக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தில் நிற்கிறது. தனியார் பணம் மூக்கு மருந்துக்கு வரும். சத்துக்குறைந்த குழந்தையின் குடல் ஏன் சொட்டு மருந்துக்குச் செவிசாய்ப்பதில்லை என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனி வரும்?

அரசு மானியத் திட்டம் பொதுவாக மூன்று ஆண்டுக்குத்தான். ஒரு குழந்தையைப் பிறந்த நாள் முதல் பள்ளி சேரும் வரை தொடர்ந்து பார்த்தால்தான் குடல் எப்போது கெடுகிறது, எப்போது தேறுகிறது என்று தெரியும். சீசனுக்குச் சீசன் மலைக்கும் அடிவாரத்துக்கும் மாறிக்கொண்டிருக்கும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை என்றால் தேடிப்போகவே தனியாக ஆளும் வண்டியும் வேண்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பத்தாண்டு உத்தரவாதத்தோடு மானியம் ஒதுக்கினால் வேலூரிலும் மதுரையிலும் இதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.