முள் பொய் சொன்னால் விமானிக்கு எப்படித் தெரியும்?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். முள் பாதித் தொட்டியைக் காட்டிக்கொண்டே இருக்கும், வண்டி திடீரென்று நின்றுவிடும். சாலையோரம் ஒதுக்கிவிட்டு நண்பரைத் தொலைபேசியில் அழைக்கலாம். வானத்தில் ஒதுங்க இடமில்லை. அப்படியானால், தொட்டியில் உள்ள சென்சார் பழுதாகிவிட்டதை விமானத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எப்படி அளக்கிறார்கள்?

பயணிகள் விமானத்தின் எரிபொருள் பெரும்பாலும் இறக்கைகளுக்குள் இருக்கிறது. அந்தத் தொட்டிகள் நீளமானவை, தட்டையானவை. விமானம் மூக்கைத் தூக்கினால் எரிபொருள் பின்பக்கம் சரியும். அதனால் ஒரே ஒரு மிதவை போதாது. ஒவ்வொரு தொட்டியிலும் பல இடங்களில் சென்சார்களை நிறுத்துகிறார்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு குழாய்கள், அதுதான் சென்சார். குழாய்களுக்கு இடையில் எரிபொருள் ஏறி இறங்கும். அங்கே வெறும் காற்று இருந்தால் அது தேக்கும் மின்சாரம் குறைவு. எரிபொருள் நிறைந்தால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இந்த மாற்றத்தை வைத்துக் கணினி எரிபொருளின் உயரத்தையும், அதிலிருந்து எடையையும் கணக்கிடுகிறது. எடையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெப்பத்தில் எரிபொருள் விரியும், லிட்டர் மாறும். கிலோ மாறாது.

பழுதில் மூன்று வகை

முதல் வகை, சென்சார் அடியோடு செத்துப்போவது. தொட்டி காலியாக இருந்தாலும் காற்றுக்கு உரிய அளவாவது வர வேண்டும். அதற்கும் கீழே போனால் கம்பி அறுந்துவிட்டது என்று கணினி முடிவு செய்யும். இரண்டாவது வகை, நடக்க முடியாத அளவைக் காட்டுவது. தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கினால், நிரம்பிய தொட்டியைவிட அதிகமான அளவு வரலாம். இந்த இரண்டையும் பிடிப்பது எளிது.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. அது காட்டும் எண் நம்பும்படியாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். இதைப் பிடிக்கப் பக்கத்துச் சென்சார்களிடம் கேட்க வேண்டும். எரிபொருளின் மேற்பரப்பு சமதளம். மூன்று இடங்களில் உயரம் தெரிந்தால் நான்காவது இடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். ஒத்துவராததைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் போகும் எரிபொருளைத் தனி மீட்டர் அளக்கிறது. புறப்பட்டபோது இருந்ததில் செலவானதைக் கழித்தால் மீதம் தெரியும். அது தொட்டி காட்டும் மீதத்தோடு ஒத்துப்போக வேண்டும். தரையில் இருக்கும்போது இறக்கைக்கு அடியிலுள்ள அளவுகோலை இழுத்தும் பார்க்கலாம்.

கனடாவில் நடந்தது

இத்தனை வழி இருந்தும் 1983 ஜூலை 23ஆம் தேதி ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று, 69 பேருடன் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது.

அதன் அளவுக் கணினியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று செத்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சரியாகப் பற்றவைக்காத ஓர் இணைப்பால் ஒரு பிரிவு முழுதாகச் சாகவில்லை, அரை உயிரோடு இருந்தது. அதனால் மற்றப் பிரிவு வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. அளவு காட்டும் திரை இருண்டுபோனது.

உடனே அளவுகோலால் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. தேவையோ 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது பவுண்டு, அதாவது ராத்தல் கணக்குக்கு உரிய எண். கிலோவுக்கு ஏறக்குறைய 0.8ஆல் பெருக்க வேண்டும். ராத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிய காலத்தில் நம் பெரியவர்கள் கடையில் பட்ட குழப்பம்தான் அங்கேயும். ஏறக்குறைய 20,000 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே ஊற்றினார்கள்.

விமானக் கணினியில் 22,300 என்று கையால் பதிந்தார்கள். அது செலவைச் சரியாகவே கழித்துக்கொண்டு வந்தது. தொடக்கமே தவறு என்பது அதற்கு எப்படித் தெரியும்? 41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். இயந்திரங்கள் நின்ற விமானத்தை கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் இறக்கவில்லை.

இத்தாலியில் நடந்தது

2005 ஆகஸ்டு 6ஆம் தேதி துனிசியாவின் துனின்டர் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அது ஏடிஆர் 72 ரகம். முந்தைய நாள், ஏடிஆர் 42 ரகத்துக்கு உரிய அளவுக் கருவியை அதில் மாட்டிவிட்டார்கள். சென்சார்களில் பழுது இல்லை. அவை அனுப்பியதைக் கருவி வேறு தொட்டியின் கணக்கில் படித்தது. ஏட்டில் இருந்ததைவிட அதிக எரிபொருள் காட்டியது, நிரப்பிய ரசீதோ கிடைக்கவில்லை. அப்படியும் விமானம் புறப்பட்டது. எரிபொருள் குறைந்தால் வர வேண்டிய எச்சரிக்கையும் அதே கருவியை நம்பியிருந்ததால் மௌனமாக இருந்தது. சிசிலி அருகே கடலில் இறங்கியதில் 39 பேரில் 16 பேர் மாண்டனர்.

யாரை நம்புவது?

அப்படியானால் முள்ளையே நம்பக்கூடாதா? அதுவும் தவறு. 2001 ஆகஸ்டு 24ஆம் தேதி ஏர் டிரான்சாட்டின் ஏர்பஸ் 330 அட்லாண்டிக் கடலின் மேல் பறந்தபோது எரிபொருள் வேகமாகக் குறைவதாகக் கருவி காட்டியது. விமானிகள் கணினிக் கோளாறு என்று நினைத்தார்கள். கருவி சொன்னது உண்மை. ஒழுகும் பக்கத்துக்கே மேலும் எரிபொருள் போனது. இரண்டு இயந்திரங்களும் நின்றபின், விமானம் மிதந்தபடியே அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள்.

இரண்டு கணக்குகள் முரண்படும்போது எது தவறு என்பது உடனே தெரியாது. ஏதோ தவறு என்பது மட்டும் தெரியும். காரணம் தெரியும்வரை விட்டுவிடக் கூடாது. ஒன்றைச் சோதிக்கும் இன்னொன்று, முதலாவதைச் சார்ந்திருக்கவும் கூடாது.

நம் காருக்கும் இது பொருந்தும். அடுத்த முறை தொட்டியை நிரப்பும்போது கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். முழுத் தொட்டியில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது இரண்டு மூன்று முறையில் தெரிந்துவிடும். முள் வேறு கதை சொன்னால், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்விடலாம்.