வெப்பமானியை நம்பலாமா?

மலைநாட்டில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில், மார்கழி பிறந்தால் எழும் முறையீடு ஒன்று உண்டு. "தயிர் உறையவில்லை" என்பதே அது. பாலக்காட்டுச் சமவெளியில், சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ, இரவில் உறை ஊற்றினால் விடியுமுன் கட்டித் தயிர். அதே கை, அதே உறைமோரை மூணாற்றில் ஊற்றினால், காலையில் பால் பாலாகவே நிற்கிறது.

குற்றம் கையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. தயிரை ஆக்கும் நுண்ணுயிர்கள் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இளஞ்சூட்டில் செழிக்கும். சூடு மிகுந்தால் மடியும், குறைந்தால் மந்தமாகும். விரலை விட்டுச் சூடு பார்ப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். ஆனால் மலைக்குளிரில் விறைத்த விரலுக்கு இளஞ்சூடும் பெருஞ்சூடாகத் தோன்றும். எனவேதான் தெர்மாமீட்டர் எனப்படும் வெப்பமானி தேவைப்படுகிறது.

நொதித்தலுக்கு வெப்பமானி புதிதன்று. பீர் வடிப்பதில் அதன் பயனை விளக்கி, மைக்கேல் கோம்ப்ரூன் என்னும் ஆங்கிலேய வடிப்பாளர் 1762ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டார். இன்று மேல்நாடுகள் பலவற்றில் வீட்டிலேயே பீர் வடிப்போர் இக்கருவியைக் கைவிடுவதில்லை. கேரளத்திலோ உரிமமின்றி மது வடித்தல் அப்காரிச் சட்டப்படி குற்றம். நம் இல்லத்து நொதித்தல் தயிரோடும் இட்லி மாவோடும் நிற்கட்டும். ஆயினும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை இரண்டிற்கும் ஒன்றே.

இதில் நாம் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறோம். பாலக்காட்டுக் கடையொன்றில் வெப்பமானி வாங்கி மூணாற்றுக்குக் கொண்டுவந்தோம். கொதிநீரில் இட்டுச் சோதித்தோம். 95 டிகிரியே காட்டிற்று. "நீர் கொதிப்பது 100 டிகிரியில் அன்றோ? கருவி 5 டிகிரி குறைத்துக் காட்டுகிறது" என்று முடிவு கட்டினோம். அன்றுமுதல் கருவி 38 காட்டினால் மனத்தில் 43 என்று கொண்டு உறை ஊற்றினோம். குளிர் இரவில் பால் விரைவில் ஆறிவிடத் தயிர் உறையவேயில்லை. சினத்தோடு கடைக்குத் திரும்பினோம். கடைக்காரர் மறுமொழி கூறாமல் அடுப்பில் நீரை வைத்தார். அது கொதித்தபோது அதே கருவி ஏறக்குறைய 100 காட்டிற்று. நாம் தலைகுனிந்தோம்.

காரணம் எளியது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. பாலக்காட்டில் நூற்றை ஒட்டிக் கொதிக்கும் நீர், குமுளியில் 97 டிகிரி அளவிலும், சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றில் 95 டிகிரி அளவிலும் கொதித்துவிடும். பொய் சொன்னது கருவியன்று. நம் அரைகுறை அறிவே.

ஆகவே மலைவாழ் அன்பர்கள் பனிக்கட்டியைக் கொண்டு சோதிப்பதே நலம். தூளாக்கிய பனிக்கட்டியைத் தம்ளர் நிறைய இட்டு, இடைவெளி நிறையுமளவு குளிர்ந்த நீர் விட்டுக் கலக்குக. முனை அடியிலும் பக்கத்திலும் படாமல் கருவியை நடுவில் நிறுத்தி மூன்று நிமிடம் பொறுத்திடுக. மலையாயினும் சமவெளியாயினும் 0 டிகிரி காட்ட வேண்டும். அரை டிகிரி வேறுபாடு பொறுக்கத்தக்கது. அடுத்து, சுமார் 40 டிகிரிச் சூடுள்ள நீரில் அதனையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் ஒருசேர வைத்து ஒப்பிடலாம். நீர் 42 டிகிரியைத் தாண்டலாகாது.

எதனை வாங்குவது? காய்ச்சல் வெப்பமானி பெரும்பாலும் 35 முதல் 42 டிகிரி வரையே அளக்கும். சுடுபாலில் இட்டால் கெடும். பாதரசம் நிறைந்த கண்ணாடிக் கருவி உடைந்தால் நஞ்சு, சமையலறைக்கு ஆகாது. தொடாமல் தூர நின்று அளக்கும் கருவி மேற்பரப்பின் சூட்டையே காட்டும்; பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் அது ஏமாற்றும். நீண்ட எஃகு முனையுடைய டிஜிட்டல் வெப்பமானியே வீட்டிற்கு ஏற்றது. ஒவ்வொரு முறையும் முனையைக் கழுவித் துடைத்திடுக. மின்கலம் மாற்றியபின் மறுபடி பனிக்கட்டியில் சோதித்திடுக.

பாலை நன்கு காய்ச்சி, 43 டிகிரிக்கு ஆறியதும் உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைத்தால் மூணாற்றிலும் தயிர் உறையும். இன்று நம் வீட்டில் உறைகிறது. ஒரு கருவியைப் பழிக்குமுன் நாம் நிற்கும் இடத்தை அறிந்துகொள்வோமாக.