எஞ்சினைச் செய்வதா, மாற்றுவதா?

அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே, கோமாரிக்குக் கிட்ட ஏ4 பாதையில் ஒரு டொல்பின் வேன் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டால், ஓட்டுநர் கீழே இறங்குவதற்குள் யோசனை சொல்ல நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். “எஞ்சினைச் செய்” என்பார் ஒருவர். “செய்து காசைக் கரைக்காதே, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சின் ஒன்று எடுத்துப் போடு” என்பார் மற்றவர். இருவருமே பொனட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சில வருடங்களுக்கு இந்தப் பேச்சுக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. கையில் இருந்ததுதான் வாகனம் என்ற நிலையில், எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கையே பலர் விட்டுவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் சுங்கமும் கலால் வரியும் 18 சதவீத வற் வரியும் சேர்ந்து, மீன் வியாபாரிக்கோ ஹயர் ஓடுகிறவருக்கோ எட்டாத உயரத்தில்தான் விலை நிற்கிறது. ஆகவே திருத்தச் செலவைப் புது வாகனத்தின் விலையோடு ஒப்பிடுவது வீண். அதே வேலையைச் செய்யும் இன்னொரு பழைய வேன் வாங்க எவ்வளவு ஆகும், அதுவரை எத்தனை நாள் ஹயர் போகும் என்பவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எஞ்சின் எதனால் போனது? இதைக் கேட்காமல் போட்ட எஞ்சின், செய்ததோ மாற்றியதோ, பழையது போன வழியிலேயே போகும்.

கரையோரத்தில் பல தடவை குற்றவாளி தண்ணீர்தான். கூலன்ட் வாங்கக் காசு செலவழிக்க மனம் வராமல் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றுகிறோம். கடலை ஒட்டிய கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். சூடேறச் சூடேற அது நீரோடும் குழாய்களின் உட்சுவரில் படிந்து, ஒருநாள் பாதி ரேடியேற்றரை அடைத்துவிடும். உப்பு அலுமினிய ஹெட்டையும் வோட்டர் பம்ப்பின் இலைகளையும் அரிக்கும். வெளியிலோ உப்புக் காற்று ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளைப் பொடியாக்கிக்கொண்டிருக்கும். வெயிலில் முழுச் சுமையோடு போகும்போது ஊசி மேலே ஏறுகிறது. “இன்னும் கொஞ்சத் தூரம்தானே” என்று ஓட்டுகிற அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் ஹெட் வளைகிறது.

வண்டியைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனதும் மெக்கானிக் பாஸிடம் முதலில் கேட்பது இதுதான்:

“காக்கா, ஒரு பேச்சுக்குச் சொல்லுங்களன், எவ்வளவு முடியும்?”

“தம்பி, கழட்டிப் பார்த்தாத்தான் கணக்குச் சொல்லலாம்.”

இதை மழுப்பல் என்று நினைத்துவிடக் கூடாது. கழற்றிய ஹெட்டைத் துடைத்து மேசையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் நேரான இரும்புச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, இடையில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்ப்பார் பாஸ். சின்ன பெற்றோல் எஞ்சின் பலவற்றில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் கோணல் இருந்தாலே கேஸ்கட் பிடிக்காது. கோணல் மட்டும்தான் என்றால் லேத்தில் சீவி எடுக்கலாம். வெடிப்பு இருந்தால் கதை வேறு. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கீழிருந்து தட்டும் சத்தம் வந்தால் பெயரிங் போய், கிராங்கையும் தின்றிருக்கலாம். டீசல் எஞ்சினில் கொம்பிரஷன் நல்ல நிலையில் 30 பாரை ஒட்டி நிற்கும். 20 பாருக்கு இறங்கிவிட்டால் ரிங், பிஸ்டன், போர் எல்லாம் கேள்விக்குறிதான். இந்தச் சோதனைகளுக்கு ஆகும் கூலி எஞ்சின் செலவில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் இதில்தான் பேரம் பேசுகிறோம்.

டொல்பினின் 3எல் எஞ்சின், 2779 சீசீ, வார்ப்பிரும்பு பிளொக். அதை 0.50 மில்லிமீற்றர் கூட்டிப் போர் அடிக்கலாம், தேய்ந்தால் லைனர் இறக்கலாம், கிராங்கைச் சீவி அளவு குறைந்த பெயரிங் போடலாம். கோமாரியில் கழற்றிய பாகத்தை அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ லேத்துக்குக் கொண்டுபோனால் வேலை முடியும். இப்படிப்பட்ட எஞ்சினைச் செய்வதற்கே என் வாக்கு. கிராங்க் உடைந்து பிளொக்கில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் வேறு வழி பார்க்கலாம். அதோடு இன்னொன்று: இந்த வேன்களின் மீற்றர்ப் பலகையில் டைமிங் பெல்ட் விளக்கு எரிவது அலங்காரத்துக்கு அல்ல. பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அப்போதும் சேதம் பெரும்பாலும் ஹெட்டோடு நிற்கும். அதற்கு முழு எஞ்சின் வாங்கச் சொல்கிறவர் உங்கள் நண்பர் இல்லை.

விட்ஸ், அக்குவா போன்ற சின்னக் கார்களுக்கு நான் இதையே சொல்லமாட்டேன். ஜப்பானின் புதுக்கால பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் அலுமினிய பிளொக்குக்குள் இரும்பு லைனர் மிக மெல்லியதாக வார்க்கப்பட்டிருக்கிறது. போர் அடிக்க இடமே இல்லை; அளவு கூடிய பிஸ்டனைக் கம்பனியே தருவதில்லை. அடிப்பாகம் போய்விட்டால் எடுத்துப் போடுவதுதான் புத்தி.

அந்த எஞ்சின்கள் எங்கிருந்து வருகின்றன? ஜப்பானில் புதுக் காருக்கு முதல் 3 வருடத்திலும் பிறகு 2 வருடத்துக்கொரு தடவையும் ‘ஷாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனை. செலவு அதிகம் என்பதால் நன்றாக ஓடுகிற காரையே கழித்துவிடுகிறார்கள். அதனால் நல்ல எஞ்சின் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கடையில் அது பெரும்பாலும் கழற்றியபடியேதான் வந்து கிடக்கும். உள்ளே திறந்து பார்த்தவர் யாருமில்லை. ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். கரிப்பசை படிந்திருந்தால் விலகுங்கள். நீர்ப்பாதையில் விரலை விட்டுத் துருவைத் தேடுங்கள், கையால் சுழற்றிப் பாருங்கள், கொம்பிரஷன் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். கொழும்பிலிருந்து லொறிக் கூலி கொடுத்து இறக்கியபின், அது சரியில்லை என்று திருப்பி அனுப்புவது சொல்வதைப் போல் சுலபமில்லை.

வெள்ளத்தில் மாட்டிய வண்டியின் சங்கதி தனி. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைக் கரையோரப் பாதைகள் மூழ்கியபோது நடந்ததைப்போல, எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டால் திறப்பைத் திருப்பவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கொன் ரொட் வளையும். டீசல் என்றால் இன்ஜெக்டர்களையும் பெற்றோல் என்றால் பிளக்குகளையும் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயில் மாற்றி, கையால் சுழற்றிப் பார்த்தபிறகே ஸ்டார்ட் பண்ண வேண்டும். அவசரப்படாததால் தப்பிய எஞ்சின்கள் நிறைய.

எஞ்சினை மாற்றினால் கடதாசி வேலையும் உண்டு. வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அதற்கு வாங்கிய ரசீது தேவை. “புத்தகத்தைப் பிறகு பார்ப்போம்” என்று விட்டவர்கள் விற்கப்போகும்போதோ, விபத்துக்குப் பின் காப்புறுதி கேட்கும்போதோ மாட்டிக்கொள்கிறார்கள். செய்த எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டுக்குமே வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை காத்திருக்கிறது. பாதி வேலையோடு மூடிய எஞ்சின் அங்கே கறுப்புப் புகையோடு காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்திருக்கும் அந்த நாளிலேயே ரேடியேற்றரையும் கழற்றிக் கழுவக் கொடுங்கள். தேர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், ஹோஸ்கள் எல்லாம் அப்போதே மாற வேண்டியவை. கொஞ்சம் காசு மிஞ்சினால் முதலில் ஒரு கான் கூலன்ட் வாங்குங்கள்.