செருப்புக் கழண்டது தெரியாத கால்

போன மாதம் எங்கட ராத்தா கடைக்குப் போய் வந்தா. ஒரு காலில் செருப்பு இல்லை. கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தா. "கழண்டதே தெரியல்ல தம்பி" என்றா.

இரத்தம் சோதித்ததில் வெறும் வயிற்றுச் சீனி 118. "இது இன்னும் சீனி வருத்தம் இல்ல, எல்லையில நிக்குது" என்றார் டொக்டர். எல்லையில் நிற்கும்போதே நரம்பு பழுதாகுமா?

ஆகலாம். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் அதை முன்நீரிழிவு என்கிறார்கள். கூடிய சீனி, நரம்புகளையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் மெல்ல மெல்லத் தாக்குகிறது. நீளமான நரம்புகளே முதலில் அகப்படும். அதனால்தான் எரிவும் விறைப்பும் கால்விரலில் தொடங்குகின்றன.

ராத்தாவின் விற்றமின் டீ மில்லிலீற்றருக்கு 14 நனோகிராம். 20க்குக் கீழ் என்றால் குறைபாடு. வெயில் கொளுத்தும் நாட்டில் இது எப்படி? வெயில் தோலில் பட்டால்தான் அது உண்டாகும். வீட்டுக்குள்ளேயே இருந்தால், உடலை மூடி உடுத்தால், தோல் கறுப்பாக இருந்தால் குறைவாகவே உண்டாகும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலாலும் பலனில்லை.

நீரிழிவுக்காரரில் இந்த விற்றமின் குறைந்தவர்களுக்கு நரம்புப் பழுது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நரம்பு வளர உதவும் புரதத்தை அது கூட்டுவது விலங்குகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றாகக் காணப்படுவதால் ஒன்றுதான் மற்றதுக்குக் காரணம் என்று சொல்ல ஏலாது. கால் நோகிறவர் வெளியில் இறங்குவதும் குறைவுதானே! 2019இல் அமெரிக்காவில் முன்நீரிழிவு உள்ள 2,423 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. தினமும் 4,000 அலகு விற்றமின் டீ எடுத்தும் நீரிழிவு வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஆகவே குறைபாடு இருந்தால் டொக்டர் சொன்ன அளவில் குளிசை எடுப்போம். கண்டபடி விழுங்கினால் இரத்தத்தில் கல்சியம் கூடி சிறுநீரகம் பழுதாகும். பீ12 குறைந்தாலும் கால் விறைக்கும், அதையும் சோதிக்க வேண்டும். நடையும் எடைக் குறைப்பும்தான் நீரிழிவைத் தள்ளிப்போடும் என்று உறுதியாகக் கண்ட வழி.

ராத்தா இப்ப பின்வளவில், மறைவான இடத்தில், கையை மடித்துவிட்டுக் கொஞ்சநேரம் வெயிலில் இருக்கிறா. வுழூச் செய்யும்போது விரலிடுக்குகளில் புண் இருக்குதா என்று கண்ணால் பார்க்கிறா. விறைத்த கால் வலித்துக் காட்டாது. நாம்தான் பார்க்க வேண்டும்.