ஒருத்தி பேச, ஊர் கேட்க

மகளிர் தினத்துக்கோ மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கோ நாடகம் போடுவோம் என்றால், எமது பெண்கள் முதலில் கேட்பது "ஆட்களுக்கு எங்கே போவது?" என்றுதான். ஒருத்திக்குத் தோட்டவேலை, இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல். பத்துப்பேர் சேர்ந்து ஒத்திகைக்கு வருவது நடக்கிற காரியமல்ல. அதனால்தான் நான் தனிநடிப்பை விரும்பிச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தி, ஒரு கதிரை, ஐந்து நிமிடம். சமைத்துக்கொண்டே பாடமாக்கலாம்.

எதை நடிப்பது என்பதில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. விழாவுக்கு வரும் அதிதிகளின் முன்னால் "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று எமது சகோதரிகளை மேடையேற்றும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். சொன்னவள் அன்றிரவு தூங்கமாட்டாள். வேறொருத்தியாக நின்று பேசும்போது, எது பாத்திரத்தின் கண்ணீர், எது தன் கண்ணீர் என்று அவள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

முதலில் கண்ணகியை எடுங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசிச் சடங்கின்போது அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் எம்மில் பலர். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், யார் நீ என்று பாண்டியன் கேட்டதும் அவள் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஊர். பிறகு கணவன் யாருடைய மகன், அவன் மதுரைக்கு எதற்காக வந்தான், அவனுக்கு என்ன நேர்ந்தது. தன் பெயர் கடைசியில்தான் வருகிறது. காணாமல் போனவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாகப் படிவம் நிரப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வரிசை. செய்யுள் கடினமென்றால் உங்கள் பேச்சுத்தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம். சிலம்பு உடையும்வரை குரலை அடக்கியே வைத்திருங்கள்.

அடுத்தது, கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 415 இல் ஏதென்ஸ் நகரில் மேடையேற்றிய 'ட்ரோஜன் பெண்கள்'. அதற்குச் சற்று முன்னர்தான் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. அந்த ஊர் மக்களின் முன்னிலையிலேயே தோற்ற பக்கத்துப் பெண்களைப் பேசவைத்தார். மதிலிலிருந்து வீசிக் கொல்லப்பட்ட பேரனைத் தகப்பனின் கேடயத்தில் கிடத்தி அப்பம்மா ஹெக்குபா பேசும் பகுதியைத் தெரிவுசெய்யுங்கள். நீங்கள் செத்தால் என் தலைமயிரை வெட்டி வைப்பேன், கூட்டாளிமாரோடு உங்கள் கல்லறைக்கு வருவேன் என்று அவள் கட்டிலில் ஏறிச் சொன்ன பிள்ளை அது. கேடயத்தில் மகனின் உடல் பதிந்த தடத்தையும், விளிம்பில் வியர்வைக் கறையையும் பார்த்துப் பார்த்து அவள் பேசுகிறாள். அண்மையில் பிள்ளையை இழந்தவளிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

ஜோர்தானில் தஞ்சமடைந்த சிரியப் பெண்கள் 2013 இல் அம்மான் நகரில் இதே நாடகத்தை, தம் கதைகளையும் இடையில் கோர்த்து நடித்தார்கள். முகம் காட்ட அஞ்சியவர்களும் அவர்களில் இருந்தார்கள். சொந்தக் கதையைச் சேர்ப்பதா இல்லையா என்று நடிப்பவளே தீர்மானிப்பதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குழுவில் வாயே திறக்காத ஒருத்தி இருப்பாள். அவளுக்கு சுவீடன் நாட்டு ஸ்ட்ரின்ட்பேர்க்கின் 'பலம் மிக்கவள்' பொருந்தும். 1889 இல் முதலில் மேடையேறிய சிறு நாடகம். நத்தாருக்கு முதல்நாள், ஒரு கோப்பிக்கடையில் இரண்டு நடிகைகள். ஒருத்தியே முழுக்கப் பேசுகிறாள். பேசிக்கொண்டு போகும்போதே, தன் கணவனுக்கும் எதிரே இருப்பவளுக்கும் இருந்த தொடர்பு அவளுக்கு விளங்கிவிடுகிறது. மற்றவள் ஒரு சொல்லும் சொல்லமாட்டாள், பார்ப்பாள், சிரிப்பாள். இருவரில் யார் பலசாலி என்று சபையே பிரிந்து வாதாடும்.

சிரிப்பும் வேண்டுமல்லவா? செக்கோவ் 1886 இல் எழுதி, 1902 இல் திருத்திய 'புகையிலையின் தீங்கு' இருக்கிறது. மனைவியின் கட்டளைப்படி புகையிலை பற்றிச் சொற்பொழிவாற்ற வந்தவர், புகையிலையை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டுகிறார். எமது பெண்கள் மீசை வைத்து இதை நடித்தால் மண்டபம் அதிரும். முதன்முறை மேடையேறுபவளுக்கு நான் கொடுப்பது இதைத்தான்.

பிரான்ஸ் நாட்டு கொக்தோவின் 'மனிதக் குரல்' (1930) உலகப் புகழ்பெற்றது. கைவிட்டவனோடு ஒருத்தி தொலைபேசியில் பேசுகிறாள். ஆனால் அவள் தற்கொலைக்கு முயன்றதைச் சொல்லும் இடம் உண்டு. எமது குழுக்களுக்கு நான் அதைக் கொடுப்பதில்லை.

நடித்து முடித்தவளை உடனே படமெடுக்க இழுக்காதீர்கள். பின்பக்கம் கூட்டிப்போய் முகம் கழுவ விடுங்கள். பாத்திரத்தின் பெயரால் அல்ல, அவளுடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.