இரும்புக்கை மாயாவி மீண்டும் பிறந்தால்...

தமிழ் வாசகர்கள் அறிந்த சித்திரக்கதை வீரர்களுள் இரும்புக்கை மாயாவிக்குத் தனி இடம் உண்டு. 1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் தோன்றிய இவன், 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேசத் தொடங்கிவிட்டான். அன்று அவனைப் படித்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். அவனுடைய பழைய கதைகள் தமிழில் பலமுறை மறுபதிப்புக் கண்டன. 2021-இல் இங்கிலாந்திலும் மீண்டும் நூலாக வெளிவந்தன.

மறுபதிப்பு வேறு, மறுபிறவி வேறு. பேரப்பிள்ளைகளுக்காக இவனைப் புதிதாக எழுத வேண்டுமானால், கதையிலுள்ள விஞ்ஞானத்தில் எதை வைத்துக்கொள்ளலாம்? எதை மாற்றியே ஆக வேண்டும்? பௌதிகத்தின் துணைகொண்டு பார்ப்போம்.

கதை இதுதான். லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். சோதனைச்சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் அவன் உடலில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. உடனே உடல் மறைந்துபோகிறது. எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. அதன்பின் மின்சாரத்தைத் தொடும்போதெல்லாம் அவன் மறைவான். சிறிது நேரத்தில் உருவம் திரும்பிவிடும்.

காலத்துக்கு ஏற்ற காரணம்

அதிசய வீரர்களின் ஆற்றலுக்குச் சொல்லப்படும் காரணம், கதை பிறந்த காலத்தின் வியப்பையும் அச்சத்தையும் காட்டுவதாகும். மாயாவி தோன்றிய அதே 1962-இல் அமெரிக்காவில் 'ஸ்பைடர்மேன்' தோன்றினான். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்ததால் அவனுக்கு ஆற்றல் வந்தது. அது அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலம். 2002-இல் அக்கதை திரைப்படமானபோது, மரபணு மாற்றப்பட்ட சிலந்தியே அவனைக் கடித்தது. வீரன் மாறவில்லை, சிலந்தி மட்டும் மாறியது.

மாயாவிக்கும் இத்தகைய மாற்றம் தேவை. ஆனால் இங்கே காரணம் புதுமை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். கதிரியக்கச் சிலந்தியைத் தேடி எந்தச் சிறுவனும் போகப் போவதில்லை. மின்சாரத் துளையோ ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், சிறுவனின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது!

ஷாக் அடித்தால் என்ன நேரும்?

நம் வீடுகளில் உள்ள மின் அழுத்தம் 230 வோல்ட். உலர்ந்த தோலின் மின்தடை அதிகம். ஈரம் பட்டால் அது வெகுவாகக் குறைந்து, உடலின் மொத்தத் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது ஓம் விதிப்படி பாயும் மின்னோட்டம் 230-ஐ 1000-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

இது எவ்வளவு கொடியது? சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 'சுரீர்' என்ற உணர்ச்சி ஏற்படும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற்போகும். 30 மில்லி ஆம்பியர் அளவில் மூச்சுத் திணறல் உண்டாகலாம். 100 மில்லி ஆம்பியர் இதயத்தின் வழியே சில நொடிகள் பாய்ந்தால், இதயம் சீராகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும், உயிர் போகும். வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. என்ற காப்புச் சாதனம், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடுவது இதனாலேயே.

மாயாவியின் எஃகுக் கை அவனைக் காப்பாற்றாதா? காப்பாற்றாது. எஃகு நல்ல மின்கடத்தி. உலர்ந்த விரல் தரும் சிறு தடையைக்கூட அது தராது. மின்சாரத்தை நேரே மணிக்கட்டில், வியர்வை படிந்த தோலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கதையில் அவன் மறைகிறான். உண்மையில் மடிந்திருப்பான்.

பொன்னமராவதி வட்டாரத்துக் கிணற்று மேடுகளில் ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுவது அன்றாடம் காணும் காட்சி. இத்தகைய ஊர்களில் வளரும் குழந்தைக்கு, 'மின்சாரம் வலிமை தரும்' என்ற எண்ணத்தை விளையாட்டுக்காகவும் ஊட்டக் கூடாது.

1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' தொடரில், கதையின் முடிவில் நாயகனே தோன்றிக் குழந்தைகளுக்கு அறிவுரை கூறுவான். 2011-இல் அத்தொடர் கார்ட்டூனாகப் புதுப்பிறவி எடுத்தது. அறிவுரை நல்லதுதான். ஆனால் கதை முழுவதும் ஒன்றைக் காட்டிவிட்டுக் கடைசியில் 'செய்யாதே' என்பதைவிட, கதையின் காரணத்தையே மாற்றுவது சிறந்தது.

உடல் மறைய முடியுமா?

இனி மறையும் வித்தையைப் பார்ப்போம். ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அது ஒளியைத் திருப்பியனுப்ப வேண்டும், அல்லது விழுங்க வேண்டும், அல்லது வளைக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் செய்யாத பொருள் கண்ணுக்குத் தெரியாது.

வடை மடித்த காகிதத்தைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவும்படி மாறியிருக்கும். காகித இழைகளின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, அவற்றின் இடையிலுள்ள காற்றுக்கோ ஏறத்தாழ 1. இந்த வேறுபாட்டால் ஒளி பல திசைகளில் சிதறி, காகிதம் வெண்மையாகத் தெரிகிறது. 1.47 எண்ணுள்ள எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்துவிடுகிறது. போரோசிலிக்கேட் கண்ணாடிக் குச்சியைக் கிளிசரினில் அமிழ்த்தினால் அது மறைந்தாற்போலத் தோன்றும். இரண்டின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. மாணவர்கள் இதைக் கல்லூரிச் சோதனைச்சாலையில் செய்து பார்க்கலாம்.

நம் தசையும் காகிதத்தைப் போன்றதே. அதிலுள்ள நீரின் எண் 1.33, கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் எண் அதைவிட அதிகம். 2024-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், உணவுப் பண்டங்களில் சேர்க்கப்படும் டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயத்தை எலியின் தோலில் தடவினர். சாயம் நீரின் எண்ணை உயர்த்திக் கொழுப்பின் எண்ணுக்கு அருகில் கொண்டுவந்தது. வயிற்றுத் தோலின் வழியே குடலின் அசைவும், தலைத் தோலின் வழியே இரத்தக் குழாய்களும் தெரிந்தன! நீரால் கழுவியதும் தோல் பழைய நிலையை அடைந்தது. இது எலியில் செய்த ஆராய்ச்சி. யாரும் தம் உடலில் செய்து பார்க்கலாகாது.

ஆனால் ஒளி ஊடுருவுவது வேறு, மறைவது வேறு. கண்ணாடித் தம்ளர் ஒளியை ஊடுருவ விடுகிறது. ஆயினும் மேசைமேல் இருக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றில் முழுதும் மறைய வேண்டுமானால் உடலின் எண் 1-க்கு இறங்க வேண்டும். திண்மமும் நீர்மமும் நிறைந்த உடலுக்கு இது இயலாது. 1897-இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'மறைந்த மனிதன்' நாவல் இந்த ஒன்றை மட்டும் இயலும் என்று கற்பனை செய்துகொண்டது.

எஃகுக் கையின் உண்மை

இவ்விடத்தில் ஒரு வியப்பு. மாயாவிக் கதையில் நம்ப முடியாததாகத் தோன்றும் காட்சி, அந்தரத்தில் மிதக்கும் எஃகுக் கை. பௌதிகத்துக்கு மிக இசைந்த காட்சியும் அதுவே! உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பியனுப்பிவிடுகின்றன. எந்தச் சாயமும், எந்த எண்ணெயும் எஃகை ஊடுருவச் செய்யாது. தசை மறைந்தாலும் எஃகு தெரியத்தான் வேண்டும்.

உலோகத்தை மறைக்க வேறு வழி உண்டு. வாய்க்காலில் கிடக்கும் கல்லைச் சுற்றிச் சென்று நீர் மறுபுறம் ஒன்றுசேர்வதுபோல, அலைகளைப் பொருளைச் சுற்றிச் செல்லவைப்பதே அது. 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், தனி முறையில் அமைத்த வளையங்களின் நடுவே ஒரு செம்பு உருளையை வைத்து, நுண்ணலைகளுக்கு அதை ஏறத்தாழ மறைத்துக் காட்டினர். நுண்ணலையின் நீளம் சென்டிமீட்டர் அளவினது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அவ்வளவு நுண்ணிய அமைப்பில் மனித உடலுக்குப் போர்வை செய்வது இன்னும் கைகூடவில்லை.

புதிய மாயாவி

ஆகவே புதிய கதைக்கு வழி கிடைக்கிறது. மின்சாரம் மாயாவியின் உடலில் பாய வேண்டாம். அவன் அணியும் உடையில் பாயட்டும். பாட்டரி தீர்ந்தால் உருவம் திரும்பும். பழைய கதையின் பரபரப்பு அப்படியே இருக்கும். எஃகுக் கை உடைக்கு வெளியே தெரியட்டும். அதுவே அவன் அடையாளம்.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஒளி முழுதும் அவனைச் சுற்றிச் சென்றுவிட்டால், கண்ணுக்குள் ஒளி எப்படிப் போகும்? பிறர் அவனைக் காண முடியாத அந்நேரத்தில் அவனும் எதையும் காண முடியாது! கண்களுக்கு இரண்டு துளை விட்டால், அவை இரு கரும்புள்ளிகளாகப் பகைவருக்குத் தெரியும். மாயாவி என்ன செய்வான்? வௌவாலைப்போல ஒலியால் வழி அறிவானா? இதைக் குழந்தைகளிடமே கேட்கலாம். விடை தேடும் குழந்தை ஒளியியலின் முதல் பாடத்தைத் தானே கற்றுக்கொள்ளும்.

கதைக்கு ஒரு பொய் போதும். மற்றவை இயற்கையின் விதிப்படி நடக்கட்டும். அந்த ஒரு பொய்யும் குழந்தையின் விரலை மின்சாரத் துளைக்கு அருகே இழுக்காததாக இருக்கட்டும். தாத்தா ரசித்த வீரனைப் பேரனுக்கு அறிமுகம் செய்பவர்கள் இந்த இரண்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்.