வங்கக் கடலின் சூறாவளிப் பருவம்

அத்திலாந்திக் சமுத்திரத்தின் சூறாவளிப் பருவம் யூன் முதலாந் திகதி ஆரம்பித்து, செப்டெம்பரில் உச்சமடைந்து, நவம்பர் இறுதியில் ஓய்வதாக வரையறுக்கப்பட்டிருக்க, மட்டக்களப்புக் கரையிலுள்ள நம் ஊராகிய களுதாவளைக்குக் கிழக்கே விரிந்துகிடக்கும் வங்கக் கடலோ சித்திரை, வைகாசியில் ஒரு முறையும், ஐப்பசி முதல் மார்கழி வரை மற்றொரு முறையுமாக ஆண்டில் இருமுறை சூறாவளிகளைப் பிறப்பிக்கும் சுபாவமுடையது.

இடைப்பட்ட மாதங்களிலும் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ஆயினும், கச்சான் எனும் மேற்குக் காற்று வீசும் அக்காலத்தில் தாழ்ந்த வானில் மேற்கிலிருந்தும் உயர்ந்த வானில் கிழக்கிலிருந்தும் காற்று எதிரெதிராக ஓடுவதால், எழும் மேகத்திரள் நிமிர்ந்து வளர வழியின்றிச் சிதைந்துபோகிறது. ஐப்பசியில் அம்முரண் தணிந்ததும், ஏறத்தாழ 27 பாகை செல்சியசு உஷ்ணமேறிய நீர்ப்பரப்பிலிருந்து கிளம்பும் நீராவி உயரத்தில் மழைத்துளியாகத் திரளுகையில் தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிட, அதனால் காற்று மேலும் இலேசாகி உயர, கீழே தாழமுக்கம் ஆழமாக, அதனை நாடி விரையும் சுற்றுப்புறக் காற்று பூமியின் சுழற்சியினால் திசை விலகி இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது.

இவ்வாறு திரண்ட சூறாவளியொன்றே 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கி, இலங்கையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து, மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது.

சூறாவளியின் கதியை அறிதல் நமக்கு வெறும் சாஸ்திர விஷயமன்று. மேற்கு நோக்கி வரும் சூறாவளியின் மத்தியபாகமாகிய கண் ஓர் ஊரை நேரே கடக்குமாயின், வடக்கிலிருந்து வீசிய காற்று ஓய்ந்து, சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர் தெற்கிலிருந்து அதே உக்கிரத்தோடு மீளும். அவ்வமைதியை முடிவென்று நம்பி வெளியேறுவோர் பேராபத்துக்குள்ளாவர். கண் நமக்குத் தெற்கே கரையேறினால் கிழக்குக் காற்று கடலை ஊருக்குள் தள்ளும்; வடக்கே கரையேறினாலோ மேற்குக் காற்று நமக்கு மேற்கேயுள்ள மட்டக்களப்பு வாவியின் நீரை நம் பக்கம் ஒதுக்கும். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நாம், வானொலி அறிவிப்பில் சூறாவளியின் வேகத்தை மாத்திரமன்றி, அது கரையேறும் இடத்தையும் கூர்ந்து கேட்கவேண்டுவது இதனாலேயே.

ஆயினும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பெரும்போக நெல்லும் நம் கிணறுகளின் ஊற்றும் ஐப்பசி முதலான இப்பருவத்தின் மாரிமழையையே நம்பியிருக்கின்றன. வாழ்வளிக்கும் இப்பருவத்தை நாம் வேண்டாமென்று தள்ளமுடியாது. ஆதலால் அதன் இயல்பைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியோர் ஈறாக அனைவரும் கற்றிருத்தல் கடமையாகும்.